வில்லி லோமனின் வறுமை

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியர் வகுத்தார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இவற்றுள் வறுமைக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் ஊன்றி நோக்கத்தக்கது. உணவும் உடையும் இல்லாமையை அவர் வறுமை என்றிலர். நுகர விரும்பியதை நுகரப்பெறாமலும், அதன்மேல் வைத்த பற்று நீங்கப்பெறாமலும் வருந்தும் உள்ளத்தையே வறுமை என்று கொண்டார். இன்மையைப் பையில் வையாது நெஞ்சில் வைத்த இவ்வுரை, நூற்றாண்டுகள் பல கழிந்தபின் கடல் கடந்த நாடொன்றில் எழுந்த ஒரு நாடகத்திற்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. ஆதர் மில்லர் என்னும் அமெரிக்க நாடகாசிரியர் இயற்றிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்பதே அந்நாடகமாகும்.

இந்நாடகம் 1949ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் தேதி நியூயோர்க் நகரில் முதன்முதல் மேடையேறியது. அவ்வாண்டே புலிற்சர் பரிசைப் பெற்றது. ஆசிரியர் இப்பொருளை நூல்களிற் கற்று எழுதினாரல்லர். 1915இற் பிறந்த மில்லரின் தந்தையார் பெண்டிர்க்குரிய மேலங்கிகள் செய்விக்கும் தொழிலிற் செழித்திருந்தவர். 1929இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியிற் கைப்பொருள் இழந்தவர். மன்ஹற்றனில் வளமாக வாழ்ந்த குடும்பம் புரூக்ளினில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஒரு தலைமுறை ஏறிய படியிலிருந்து அடுத்த தலைமுறை இறங்க நேர்ந்ததை இளமையிலே கண்ட கண்களுக்கு, வரவு செலவுக் கணக்கும் ஓர் அவலப் பொருளாகத் தோன்றியது இயல்பே.

கதை சுருங்கியது. வில்லி லோமன் அறுபத்துமூன்று வயதினன். முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே நிறுவனத்தின் பொருட்டு ஊரூராகச் சென்று சரக்கு விற்பவன். முதுமையில் அவனுடைய சம்பளம் நிறுத்தப்பட்டு, புதிதாகச் சேர்ந்தவனைப்போல் விற்பனைத் தரகு மட்டுமே அவனுக்குக் கிடைக்கின்றது. பின்னர் அவ்வேலையும் பறிபோகின்றது. மூத்த மகன் பிஃப் முப்பத்துநான்கு வயதாகியும் ஒரு தொழிலில் நிலைத்தானல்லன். இளைய மகன் ஹப்பி உத்தியோகம் இருந்தும் அமைதியில்லாதவன். தன் உயிரின்மேல் உள்ள 20,000 டொலர் காப்புறுதிப் பணம் மகனை உயர்த்தும் என்றெண்ணி வில்லி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றான்.

இந்நாடகத்தைப் பற்றி இரு கூற்றுக்கள் அடிக்கடி நிகழும். அரசரும் வீரரும் வீழ்வதே அவலம். தவணைப் பணம் செலுத்த இயலாத ஒருவன் வீழ்வது இரங்கத்தக்கதேயன்றி அவலமாகாது என்பது ஒன்று. சாதாரண மனிதனும் தன் மதிப்பைக் காத்தற்கு உயிரையும் கொடுக்கத் துணிவானாயின் அவனும் அவலத் தலைவனே என்று, நாடகம் மேடையேறிய அம்மாதத்திலேயே மில்லர் ஒரு கட்டுரை வாயிலாக விடையிறுத்துவிட்டார். நாடகம் முழுவதும் முதலாளித்துவத்தின்மேற் சாட்டிய குற்றப்பத்திரம் என்பது மற்றொன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இது முழு உண்மையன்று. அதனை நாடகத்தின் கணக்குகளே காட்டும்.

பயணம் முடிந்து வில்லி வீடு திரும்பும் காட்சியொன்று உண்டு. 1,200 குறோசு விற்றதாக அவன் மனைவியிடம் பெருமை பேசுகின்றான். லிண்டா உடனே பென்சில் எடுத்துத் தரகு 212 டொலர் என்று கணக்கிடுகின்றாள். அவன் குரல் தாழ்கின்றது; தொகையும் தாழ்கின்றது. ஈற்றில் விற்றது 200 குறோசு, கிடைப்பது எழுபது டொலர் என்று தெரியவருகின்றது. பின்னர்க் கடன்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. சலவைப் பொறிக்கு 9 டொலர் 60 சதம். தூசு உறிஞ்சும் பொறிக்கு மூன்றரை. கூரை வேய்ந்ததில் எஞ்சியது 21. குளிர்சாதனப் பெட்டிக்கு 16. இவையும் பிறவுமாக 120 டொலர் வேண்டும். இக்காட்சியிற் பசி இல்லை. வீடு உண்டு, கார் உண்டு, வில்லியின் தந்தை கனவிலும் கண்டிராத பொறிகள் உண்டு. அத்தந்தையோ தானே செய்த புல்லாங்குழல்களை விற்றுக்கொண்டு, குடும்பத்தை ஒரு வண்டியில் ஏற்றி நாடெங்கும் திரிந்தவர். வாழ்க்கைத்தரம் என்னும் அளவையால் அளப்பின் மகன் தந்தையினும் உயர்ந்தவனே. எனினும் புல்லாங்குழல் செய்தவரிடம் காணாத ஏக்கம் பொறிகள் வாங்கியவனிடம் காணப்படுகின்றது. பேராசிரியர் கூறிய பற்றுள்ளம் இதுவே.

குளிர்சாதனப் பெட்டியின் கதை இதற்கு நல்ல சான்று. மிகப் பெரிய விளம்பரம் செய்த நிறுவனத்தின் பெட்டி என்பதற்காக லோமன் குடும்பத்தினர் அதனை வாங்கினர். தவணை முடியுமுன்னரே அது பழுதாகின்றது. அயல்வீட்டுச் சார்ளி வாங்கிய பெட்டியோ இருபது ஆண்டாகியும் பழுதின்றி இயங்குகின்றது. பொருளைப் பிறர் மதிப்பால் வாங்கிய வில்லி தன்னையும் பிறர் மதிப்பாலேயே அளந்தான். பலரால் விரும்பப்படுபவன் வெல்வான் என்பதே அவன் அறிந்த ஒரே வேதம். அவ்வேதத்தையே அவன் மக்களுக்கும் ஓதினான்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோரைச் சுடும் பகுதி இங்கேதான் உள்ளது. பந்தாட்டத்திற் புகழ்பெற்ற பிஃப், கணிதத்தில் 61 புள்ளி மட்டும் பெற்றுத் தேறாது போகின்றான். அவனுக்குக் குறைந்தன நான்கு புள்ளிகளே. படி என்று அவனை வற்புறுத்திய பேணாட் என்னும் சார்ளியின் மகனை வில்லியின் குடும்பம் எள்ளி நகையாடியது. ஆண்டுகள் சென்றபின் அப்பேணாட் வழக்கறிஞனாகி, உச்ச நீதிமன்றில் வழக்கொன்றில் தோன்றப் புறப்படுகின்றான். ஒரே தெரு, ஒரே காலம், ஒரே பொருளாதாரம். ஆயினும் இரு வீட்டுப் பிள்ளைகளின் கதி இரு வேறு வகைப்பட்டது. நாடகம் முதலாளித்துவத்தின்மேல் மட்டும் சாட்டிய குற்றமாயின் சார்ளியின் வீட்டுக்கு அதில் இடமிராது. மகனுக்கு என்ன செய்யவேண்டும் என்று சார்ளி ஒருநாளும் உபதேசித்தவனல்லன். எதிலும் பற்று வையாமையே தன்னைக் காத்தது என்பது அவன் கூற்று.

எனினும் வில்லியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் நீதியாகாது. முன்னை முதலாளியின் மகனும், வில்லியினும் பல்லாண்டு இளையவனுமாகிய ஹவாட்டின் முன் அவன் நிற்கும் காட்சி இந்நாடகத்தின் உச்சங்களுள் ஒன்று. வாரத்துக்கு 65 டொலர் கேட்கின்றான், பின் 50, பின் 40. ஹவாட்டோ தான் வாங்கிய 150 டொலர் ஒலிப்பதிவுப் பொறியில் தன் பிள்ளைகளின் குரலைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருக்கின்றான். முதிய ஊழியனின் குரலைக் கேட்கச் செவி இல்லை. பொறியின் குரலைக் கேட்க உண்டு. இஃது இளிவு. பண்டை நிலை கெட்டு, தொடக்கத்தில் நின்ற இடத்துக்கே முதுமையில் தள்ளப்படுதல் அசைவு. நான்கு வயதாகுமுன்னரே தந்தை பிரிந்து போனமை இழவு. தொல்காப்பியர் கூறிய நான்கும் ஒருவனிடத்தே வந்து கூடுகின்றன. பிற மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. வறுமை ஒன்றே அவன் தன்னுள் வளர்த்தது, தன் மக்களுக்கும் வைத்துச்சென்றது.

அந்த முதுசத்தை இளையவன் ஹப்பி அப்படியே ஏற்றுக்கொள்கின்றான். அவனுக்குமேல் உள்ள அதிகாரி பெருமாளிகை ஒன்று கட்டி, இரண்டு மாதம் அதில் வாழ்ந்து, அதை விற்றுவிட்டு வேறொன்று கட்டுகின்றார். கட்டியதில் வாழ அறியாத அவரைக் கண்டு இரங்கும் ஹப்பி, அவர் இறந்தால் அப்பதவி தனக்கு வரும் என்று காத்துமிருக்கின்றான். மூத்தவனோ பண்ணையொன்றில் வாரம் 28 டொலருக்குக் குதிரைக்குட்டிகளிடையே வேலை செய்தபோது அடைந்த அமைதியை நினைந்து, தான் சாதாரணன் என்று தந்தையின் முகத்துக்கு நேரே கூறிவிடுகின்றான். தந்தைக்கு அது வசையாகப் பட்டது. மகனுக்கு அதுவே விடுதலை.

நாடகத்திற் குறைகள் இல்லாமலில்லை. பதினேழு வயதிற் காட்டினுட் சென்று இருபத்தொரு வயதிற் செல்வனாக வெளிவந்த பென் என்னும் தமையன், மனிதனாக அன்றி ஒரு சின்னமாகவே நின்றுவிடுகின்றான். இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பொஸ்டன் விடுதியறையில் தந்தையின் ஒழுக்கக்கேட்டை மகன் கண்ட நிகழ்ச்சியை ஆசிரியர் மறைத்துவைத்து இறுதியில் வெளிப்படுத்துகின்றார். மேடையில் அது வலிமையுடைய உத்தியே. ஆனால், பிஃப்பின் வீழ்ச்சிக்குக் காரணம் தந்தையின் பொய் அளவுகோலா, அந்த ஓர் இரவா என்னும் ஐயத்தை அது எழுப்பிவிடுகின்றது. பொதுநோய் ஒன்றுக்குத் தனிப்பட்ட விபத்தொன்றைக் காரணமாகக் காட்டுதல் கருத்தின் கூர்மையை மழுக்குவதாகும்.

இன்று இந்நாடகத்தைப் படிப்போர் மற்றுமொன்றைக் கருதவேண்டும். ராஜ் செட்டி முதலிய பொருளியலாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1940இற் பிறந்த அமெரிக்கருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம் பெற்றோரினும் கூடுதலான வருமானம் பெற்றனர். 1980களிற் பிறந்தோருள் நூற்றுக்கு ஐம்பது பேரளவினரே அவ்வாறு பெற்றனர். நாடகம் மேடையேறிய காலத்திற் குழந்தைகளாய் இருந்தோர்க்கு ஏணி உண்மையாகவே இருந்தது. அவர்தம் பேரர்க்கு அதன் பாதிப் படிகள் இல்லை. ஆகவே பொருள் முட்டுப்பாட்டால் மனம் சலித்த இன்றைய மத்தியதர வகுப்பினரை நோக்கி, எல்லாம் ஆசையின் குற்றமே என்று கூறுவார் நாடகத்தைப் பாதியே படித்தவராவர். அசைவு வேறு, வறுமை வேறு. முன்னதற்குச் சமுதாயம் விடை கூறவேண்டும். பின்னதற்கு ஒவ்வொரு வீடும் விடை கூறவேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணியதே வில்லி செய்த பிழை. இரண்டையும் பிரித்துக் காட்டியதே மில்லர் செய்த தொண்டு.

நாடகத்தின் இறுதிக் காட்சி வில்லியின் கல்லறையருகே நிகழ்வது. லிண்டாவுக்கு அழுகை வரவில்லை. அழ இயலாமைக்காக இறந்த கணவனிடம் மன்னிப்புக் கேட்கின்றாள். இருபத்தைந்து ஆண்டு செலுத்திவந்த வீட்டு ஈட்டுக்கடனின் கடைசித் தவணையை அன்றுதான் கட்டியிருக்கின்றாள். அதைச் சொல்லத் தொடங்கும்போதே அவளுக்கு அழுகை பீறிடுகின்றது. கணவன் இறந்தமை கலக்காத கண்களைக் கடன் தீர்ந்தமை கலக்கிற்று. வாழ்வதற்கு வீடு வாங்கி, வீட்டுக்காக வாழ்ந்து, வீடு தமதானபோது வாழ்வோர் இல்லாது போன வாழ்க்கையின் முழுக் கணக்கும் அக்கண்ணீரில் அடங்கியுள்ளது.