பணிசெயல் முறைமை: மறைப்பும் வெளிப்பாடும்

கணினியின் வன்பொருளை நிரல்களுக்கு எவ்வளவு மறைப்பது, எவ்வளவு காட்டுவது என்பது பணிசெயல் முறைமை பற்றிய மூல வினாக்களுள் ஒன்று. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் கணினி பயில்வோர் இவ்வினாவை ஏட்டளவில் மட்டுமன்றித் தம் சூழலில் வைத்தும் நோக்க இடமுண்டு.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிவைத்த யூனிக்ஸ், சாதனங்களையும் கோப்புகளாகவே காட்டிற்று. வட்டின் இயல்பையோ முனையத்தின் இயல்பையோ அறியாமலே நிரல் எழுதும் வாய்ப்புப் பிறந்தது. இதற்கு மறுதலையாக, 1995இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த எங்கிளர், காஷூக் முதலியோர், கருவானது வளங்களைக் காத்துப் பகிர்வதோடு அமைதல் வேண்டும். அவற்றை ஆளும் முறையை நிரல்களே வகுத்தல் வேண்டும் என வாதிட்டனர்.

இரண்டும் முழுமையுடையன அல்ல. முன்னையது உழைப்பைக் குறைக்கிறது. ஆயின் பொருளின் தன்மையையும் உடன் மறைக்கிறது. பின்னையது ஆற்றலைத் தருகிறது. ஆயின் ஒரே சுமையைப் பலர் தனித்தனியே சுமக்க வைக்கிறது.

மறைப்பின் தீங்குக்குச் சான்றொன்று உண்டு. கோப்பில் எழுதிய தரவு உடனே வட்டை அடைவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் தங்கும். வட்டிற் பதிந்ததா என்பதை நிரல் தனியே கேட்டு உறுதிசெய்தல் வேண்டும். இவ்வுறுதியிலேயே குறையிருப்பதை 2018இல் போஸ்ற்கிரெஸ் தரவுத்தளத்தை ஆக்குவோர் கண்டனர். எழுத்துத் தவறியதை ஒருமுறை அறிவித்தபின், பதியாத தரவையும் பதிந்ததாகவே லினக்ஸ் கரு கொண்டுவிடும். மீண்டும் கேட்பின் வெற்றி என்றே விடை வரும். எனவே 2019இல் அத்தரவுத்தளம், முதற் பிழையிலேயே இயக்கத்தை நிறுத்தித் தன் பதிவேட்டிலிருந்து மீளுமாறு திருத்தப்பட்டது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டில், எழுதியது பதிந்ததா என்பது வெறும் ஏட்டுச் சிக்கலன்று.

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிப்போர் துருசைத் தாமே திறப்பதில்லை. ஆயின் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது, குளத்து நீரின் அளவை முன்வைத்தே கூட்டத்தில் முடிவாகிறது. துருசின் வேலை அவர்களிடம் இல்லை; நீரின் கணக்கு அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பணிசெயல் முறைமைக்கும் இதுவே அளவுகோல். வன்பொருளை இயக்கும் உழைப்பை அது தன்மேற் கொள்ளட்டும். வளத்தின் தட்டுப்பாட்டையும் பழுதையும் நிரலுக்கு உள்ளபடி உணர்த்தட்டும். யூனிக்ஸ் தந்த எளிமையைக் கைவிடாமலே இதனைச் செய்தல் கூடும்.