தோள்சீலை தந்த அளவுகோல்

திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளில் மூத்த பெண்கள் பலர் இன்றும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் பருத்திச் சேலையில்தான் ஆராதனைக்கு வருகிறார்கள். கரை ஒரு விரற்கடை அகலம் இருந்தால் அதிகம். திருவிருந்துக்கு எழுந்து நடக்கும்போது முந்தானை தானாகத் தலைக்கு ஏறிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் நிறத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் முக்காடு இருந்தது. பெண்கள் தலையை மூடியே திருப்பலி காண வேண்டும் என்பது 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்த விதி. 1983-இல் வந்த சட்டத் தொகுப்பில் அது இல்லை. கிராமத்துப் பங்குகளில் பழக்கம் மட்டும் தொடர்கிறது. அதே கத்தோலிக்கர்கள் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகையில் காவி உடுத்துகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் நகை கூடாது. 1920-களில் இலங்கையில் தோன்றித் தமிழகத்தில் வேரூன்றிய பெந்தெகொஸ்தே மிஷனைப் போன்றவற்றில் ஊழியர்கள் வெள்ளை தவிர வேறு உடுத்துவதில்லை. இரட்சணிய சேனையிலோ சீருடையே ஆராதனை உடை. 1882-இல் பம்பாயில் வந்திறங்கிய பிரெடெரிக் டக்கர், ஐரோப்பியக் கோட்டைக் கழற்றிவிட்டுக் காவியும் வெறுங்காலுமாக ஊழியம் செய்தவர்.

இத்தனை மரபுகளும் தத்தம் வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் காட்டுகின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முனைவதைவிட, எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்பது பயனுள்ளது. அந்த அளவுகோல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை என்பது என் துணிபு. தென்திருவிதாங்கூரின் எளிய கிறிஸ்தவப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டில் அதை நமக்கு உருவாக்கித் தந்துவிட்டார்கள்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய அந்தச் சமஸ்தானத்தில் மேலாடை என்பது மானத்தைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. சாதிப் படிநிலையின் அடையாளமாக இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளின் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மறைத்தால் மேல்சாதியாருக்குச் செய்யும் அவமரியாதை. இலண்டன் மிஷன் வந்தபின், ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் காலத்தில், 1814-இல் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் அணிந்ததைப் போன்ற தொளதொளப்பான தைத்த சட்டை அது. சில ஆண்டுகள் கழித்து நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்குத் தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். மறைப்பதுதான் நோக்கம் என்றால் குப்பாயத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெரும்பாலும் நாடார் சாதியைச் சேர்ந்த அந்தப் பெண்கள் குப்பாயத்துக்கு மேலே தோளில் ஒரு சீலையையும் போட்டுக்கொண்டார்கள், மேல்சாதிப் பெண்கள் போட்ட அதே விதத்தில். அதற்காக 1822 முதலே சந்தையிலும் சாலையிலும் அவர்கள் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. 1829-இல் வந்த அரசாணை குப்பாயத்தை ஒப்புக்கொண்டு தோள்சீலையை மட்டும் தடுத்தது. எது உறுத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை. 1858-இல் கலகம் மறுபடி மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தத்தால் 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் அனைவருக்கும் மார்பை மறைக்கும் உரிமையைத் தந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது: மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

மேலாடை என்பதே ஐரோப்பிய மிஷனரிகளின் நாணம், அதை நம் பெண்கள் மேல் அவர்கள் போர்த்திவிட்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. மிஷனரி மனைவிமாரின் கண்ணுக்கு நம் பெண்களின் உடை போதாததாகத் தெரிந்தது என்பது உண்மைதான். ஆனால் மிஷனரிகள் பெற்றுத் தந்தது குப்பாயம். சீலையை எடுத்துப் போட்டது அந்தப் பெண்களே, அடிபட்டதும் அவர்களே. இதே மண்ணில், இதே மக்களிடையே எழுந்த அய்யா வைகுண்டர் வழிபாட்டுக்கு வரும் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அடுத்த தெருவிலிருந்த ஜெபக்கூடத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒட்டி, ஆண்கள் தலையை மூடாமல் தொழுதார்கள். ஒரு கூரையின் கீழ் துணி தலைக்கு ஏறியது, மற்றொன்றின் கீழ் இறங்கியது. இரண்டு இடத்திலும் உள்ளே நுழைந்தவன் வெளியே இருந்ததைவிட நிமிர்ந்து நின்றான். ஆராதனை உடையின் வடிவம் இரண்டாவது கேள்விதான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். உடுத்துகிறவரை அது உயர்த்துகிறதா, ஒதுக்குகிறதா என்பதே முதல் கேள்வி.

இந்தக் கேள்வியோடு புதிய ஏற்பாட்டைத் திறந்தால், நம் சபைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வசனங்கள் வேறு முகம் காட்டுகின்றன. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் பேதுருவின் முதல் நிருபமும் பெண்களின் உடையைப் பற்றிப் பேசும்போது பின்னிய மயிரையும் பொன்னையும் விலையுயர்ந்த வஸ்திரத்தையும் பெயர் சொல்லிக் கண்டிக்கின்றன. இவை வசதியுள்ளவர்களின் பொருட்கள். இவற்றைத் தூக்கிக்கொண்டு கல்லூரி மாணவியின் சுடிதாரைத் தடுக்கிறவர்கள், பக்கத்து பெஞ்சில் பளபளக்கும் பட்டையும் ஆரத்தையும் பார்ப்பதே இல்லை. யாக்கோபின் நிருபம் இன்னும் கூர்மையானது. பொன்மோதிரமும் மினுக்கான ஆடையுமாக ஒருவனும் கந்தையோடு ஒருவனும் சபைக்குள் வருகிறார்கள். கண்டனம் இருவர் மேலும் விழவில்லை. பணக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, ஏழையை நிற்கவோ கால்மாட்டில் உட்காரவோ சொன்னவர்கள் மேல் விழுகிறது. உடையைப் பற்றிய அந்தப் பகுதி வாசலில் நிற்பவருக்கு எழுதப்பட்டது.

கலியாண வஸ்திரம் இல்லாதவன் வெளியே தள்ளப்பட்டானே என்று மத்தேயு 22-ஐ எடுத்துக் கேட்பார்கள். அந்த உவமையின் விருந்தாளிகள் வழிச்சந்திகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். துணியின் நிறமோ தரமோ அதில் சொல்லப்படவே இல்லை. அகஸ்தீனார் அந்த வஸ்திரத்துக்கு அன்பு என்றே பொருள் கொண்டார். சரி, ஆண்டவர் இருதயத்தைத்தானே பார்க்கிறார், உடையைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்பது எதிர்ப்பக்கத்து வாதம். இதை நான் ஏற்கவில்லை. ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கலாம். பக்கத்து பெஞ்சுக்காரர் உடையைத்தான் பார்க்கிறார், சபையோ பக்கத்து பெஞ்சுக்காரர்களால் ஆனது. துணியில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட முடியுமானால் தோள்சீலைக்காக யாரும் அடி வாங்கியிருக்க மாட்டார்கள்.

கடினமான மறுப்பு வேறொன்று. ஏழையின் மதிப்புதான் அளவுகோல் என்றால் எல்லாரும் எளிமையாக வரவேண்டும் என்று விதித்துவிடலாமே? இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பீடிக்கட்டுக்கும் களத்துமேட்டுக்கும் வாரம் முழுவதும் பழஞ்சேலையில் போகிற பெண்ணுக்கு, பெட்டியிலிருக்கும் ஒரே பட்டுச்சேலையை எடுத்து உடுத்த இருக்கிற இடம் கோயில் மட்டும்தான். கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்குப் புதுத்துணி மொடமொடக்க வரும் பிள்ளையின் மகிழ்ச்சியும் அப்படிப்பட்டதே. அதை ஆடம்பரம் என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பது, வேண்டிய நாளில் வேண்டியதை உடுத்த முடிந்தவர்களின் எளிமை. வெள்ளை உடைக்கும் இரண்டு பக்கம் உண்டு. பெந்தெகொஸ்தே சபையில் பாயில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சேலைகளுக்கிடையே அதிகாரியின் மனைவியையும் அவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவரையும் வேறுபடுத்த முடியாது. தங்கம் இல்லாததால் அந்தக் கணக்கும் இல்லை. இது பெரிய சாதனை, மற்ற சபைகள் இதை மரியாதையோடு பார்க்க வேண்டும். ஆனால் நகை போட்டவரெல்லாம் இரட்சிக்கப்படாதவர் என்று அதே சபை அளக்கத் தொடங்கும் அன்று, வெள்ளையே ஒரு புதிய சாதியாகிவிடும்.

வழிநடத்துகிறவர்களின் உடைக்கு விதி இருப்பதை நான் ஆதரிக்கிறேன். குருவானவரின் அங்கியும் பாடகர் குழுவின் அங்கியும் உள்ளே இருக்கும் சட்டையின் விலையை மறைக்கின்றன. 1969-இல் ரோமாபுரி இந்தியத் திருச்சபைக்கு ஒப்புதல் தந்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களும் இந்தத் திசையில் ஒரு படி: செருப்பைக் கழற்றுதல், தரையில் அமர்தல், குருவின் பூசை ஆடையை எளிமையாக்குதல் ஆகியவை அதில் உண்டு. செருப்பை வாசலில் விட்டால் எல்லார் காலும் ஒன்றுதான். இதைத் தமிழ்க் கிராமங்கள் ரோமாபுரி சொல்லுமுன்பே செய்துவந்தன.

ஆராதிக்க வருகிறவர்களுக்கோ வாசலில் காவல் வேண்டியதில்லை. கட்டுப்பாடு இல்லையென்றால் இளைஞர்கள் எப்படியும் வருவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வீட்டில் பெரியவர்கள் உடுத்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அறிவிப்புப் பலகையால் திருப்பி அனுப்பப்படும் பெண் அடுத்த வாரம் சேலையோடு வருவாள் என்பதற்கு உத்தரவாதமில்லை, வராமலே போகலாம். மாற்ற வேண்டியதை நிர்வாகக் குழுக்கள் வேறு இடத்தில் தேடலாம். புதுநன்மைக்கும் திடப்படுத்தலுக்கும் வெள்ளைக் கவுன், முக்காடு, கையுறை, காலணி என்று கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். சில பங்குகள் பிள்ளைகளுக்குப் பொதுவான வெள்ளை அங்கிகளைத் தைத்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் கொடுத்து வாங்குகின்றன. துவைத்து மடித்து வைக்க ஓர் அலமாரியும், பொறுப்பெடுக்கப் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேரும் இருந்தால் போதும். ஆண்டுவிழா கொண்டாடும் எந்தச் சபையும் இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.