டெஸ்ஸின் குதிரை

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கத்து மொட்டைமாடி ஒன்றில், தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலைப் பேசக் கூடினோம். எட்டுப் பேர். தமிழ் எம்.ஏ. படித்தவன் கையில் இப்படியொரு பிரதி கிடைத்தால் என்ன செய்வான்? கற்பு என்று ஆரம்பிப்பான். நானும் அகலிகை, புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்', ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்று அடுக்கி, 1891லேயே 'தூய பெண்' என்று துணைத்தலைப்புப் போட்ட ஹார்டியின் துணிச்சலைப் புகழ்ந்தேன். கைதாகும் முன் டெஸ் ஸ்டோன்ஹெஞ்சில் கல்மேல் படுத்துத் தூங்குகிறாள். மாமல்லபுரத்துக் கல் பக்கத்திலேயே இருக்கிறது. உவமைக்குக் கேட்கவா வேண்டும்.

கடற்கரைக் குப்பமொன்றில் சங்க வேலை செய்யும் தோழி குறுக்கிட்டார்: "எல்லாம் சரிங்க தோழர். குதிரை செத்துப்போச்சே, அதப்பத்தி யாருமே பேசலையே?"

பேசவில்லைதான். அப்பன் குடித்துக் கிடக்க, ராத்திரி வண்டியை ஓட்டிப்போகிறாள் டெஸ். தபால் வண்டி மோதிக் குதிரை சாகிறது. குடும்பத்தின் பிழைப்பே அதுதான். தன்னால்தான் என்ற குற்றவுணர்வோடுதான் பணக்கார 'உறவினர்' வீட்டு வாசலுக்குப் போகிறாள். அலெக் அப்புறந்தான் வருகிறான். "எங்க ஊர்ல போட்டும் வலையும் போச்சுன்னா பொண்ணு எங்கயாச்சும் வேலைக்குப் போவணும். அவ நல்லவளா கெட்டவளான்ற பஞ்சாயத்து அதுக்குப் பின்னாடி" என்றார் தோழி. நான் வாசித்தது பஞ்சாயத்தை மட்டும். 'தூயவள்' என்பதும் தீர்ப்புதான். அந்த நாற்காலியில் ஹார்டி இருக்கிறார், நானும் இருந்தேன்.

அதற்காக ஹார்டியைத் தள்ளிவிட முடியாது. 'கிராஃபிக்' இதழில் தொடராக வந்தபோது, அலெக் அவளைக் கெடுக்கும் பகுதியும் ('கெடுக்கும்' என்றே எழுத வருகிறது பாருங்கள், மொழி விடுவதாயில்லை), சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவளே ஞானஸ்நானம் செய்யும் பகுதியும் இல்லை. புத்தகத்தில்தான் சேர்த்தார்.

இன்னொரு இடம். உண்மையைச் சொன்னபின், கணவன் தன்னை விவாகரத்து செய்துவிடலாம் என்று நம்புகிறாள் டெஸ். சட்டம் தெரியாதவள் என்று ஏஞ்சல் கடிந்துகொள்கிறான். 1857ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் பிறழ்வு போதும், அதுவும் மணத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். மனைவிக்கோ கணவனின் பிறழ்வு மட்டும் போதாது, கூடவே கொடுமையோ கைவிடலோ வேண்டும். இதே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் சம சொத்துரிமையும் கேட்டுத் தீர்மானம் போட்டது. இவற்றைக் கேட்பதற்குத் தூய்மைச் சான்றிதழ் தேவையில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' (1936) நாவலைப் பிரச்சாரம் என்று ஒருகாலத்தில் ஒதுக்கியவன் நான். பொட்டுக்கட்டும் ஏற்பாடு யாருக்குச் சோறு போடுகிறது, யார் சொத்தைக் கரைக்கிறது என்ற கணக்கை அந்த அம்மா போட்டுப் பார்த்திருக்கிறார்.

அப்பன் செத்துக் குத்தகை முடிந்து, குடும்பம் தெருவுக்கு வந்தபிறகு டெஸ் மறுபடி அலெக்கோடு இருப்பது ஒரு கடற்கரைச் சொகுசு ஊரில், வாடகை அறையில். தோழி அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். அதைப் பேசுவதற்குள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தை நீங்களே தொடங்குங்கள் என்றேன்.

"பாக்கலாம் தோழர், அன்னிக்கு மீன் வரத்து எப்படியோ" என்றார்.