பதினான்கு முகம் கொண்ட பத்து ரூபாய்

2022 ஜூனில் சேலத்தில் ஓர் இளைஞர் 6 லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொடுத்துக் கார் வாங்கினார். பலரும் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர் சொன்ன காரணத்தில் வேடிக்கை எதுவும் இல்லை: கடைகளில் வாங்க மறுப்பதால், குழந்தைகள் அந்தக் காசை வைத்து விளையாடுகிறார்கள்.

"பத்து ரூவா காயின் வேண்டாங்க." சேலம், நாமக்கல் பக்கம் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. வதந்தியை நம்புகிறார்கள் என்று ஜனங்களைத் திட்டுவது சுலபம். எனக்கென்னவோ முதல் தப்பு வடிவமைப்பில் இருப்பதாகத்தான் படுகிறது.

2009-ல் புழக்கத்துக்கு வந்த இந்த இரு உலோக நாணயம், 2018-க்குள் 14 வடிவங்களை எடுத்துவிட்டது. ஹோமி பாபா, வைஷ்ணவ தேவி, கயிறு வாரியம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நினைவுக் காசு. 2011-ல் ரூபாய்க் குறியீடு சேர்ந்தது. மதிப்பு எண் ஒன்றில் சிங்கத்துக்குக் கீழே, இன்னொன்றில் மறுபக்கம். எது அசல் என்று கடைக்காரர் எதை வைத்து முடிவு செய்வார்? 14-ம் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதற்குள் சந்தேகம் வேர்விட்டாச்சு.

அமெரிக்காவும் 1999 முதல் 2008 வரை வருஷத்துக்கு ஐந்தாக, 50 மாநிலங்களுக்கும் கால் டாலர் வெளியிட்டது. ஆனால் முன்பக்கம் எப்போதும் வாஷிங்டன் முகம்தான். எந்த வருஷம் எந்த மாநிலம் என்ற வரிசையும் முன்பே தெரியும். ஜனங்கள் மறுக்கவில்லை, சேகரித்தார்கள்.

நம் 2 ரூபாய் இன்னும் மோசம். 1990-களின் 11 பக்கக் காசை இருட்டிலும் விரலே சொல்லிவிடும். 2011-ல் வந்த 2 ரூபாயோ 25 மி.மீ., 4.85 கிராம். பழைய எஃகு 1 ரூபாயின் அதே அளவு, அதே எடை! அமெரிக்காவில் 1979-ல் வந்த சூசன் ஆண்டனி டாலரும் கால் டாலரோடு குழம்பித்தான் தோற்றது.

மென்பொருளில் ஒரு பொத்தானை இடம் மாற்றினாலே பயன்படுத்துபவருக்கு முன்கூட்டிச் சொல்கிறோம். காசுக்கும் அந்த மரியாதை வேண்டும். 2019 வரிசையில் வந்த 12 பக்க 20 ரூபாய், தொட்டாலே தெரிகிற நல்ல வடிவம்.

சேகரிப்பவனாக எனக்குப் பதினான்கு வகையும் கொண்டாட்டம்தான். ஆனால் நினைவுக் காசுகளை எங்களைப் போன்றவர்களுக்குத் தனியாக விற்கட்டும். புழக்கக் காசுக்கு ஒரே முகம் போதும். சாயங்காலம் கையில் நாலு காசோடு நிற்கும் பூக்காரம்மாவுக்கு அது செல்ல வேண்டும், அவ்வளவுதான்.