கோல்ட் ஸ்பாட்டும் விலைபோன சிரிப்பும்

விளம்பரத்தையும் இலக்கிய விமர்சனத்துக்கு உரிய பொருளாகக் கொள்வதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கோடிக்கணக்கான மக்களின் செவியில் நாள்தோறும் விழுந்து, அவர்களுடைய ஆசைகளை உருவாக்கும் சொல் எதுவாயினும் அது விமர்சகனின் பார்வைக்குத் தப்பிவிடலாகாது என்பதே நமது கருத்து.

கோல்ட் ஸ்பாட் என்னும் ஆரஞ்சுச் சுவைப் பானத்தை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்தில் பம்பாயின் பார்லே நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1976இல் தூரதர்ஷன் விளம்பரங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 1977இல் ஜனதா அரசாங்கத்தின் நிபந்தனைகளுக்கு இணங்க மறுத்துக் கொக்கா கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. உள்நாட்டுப் பானங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. தொலைக்காட்சியில் இளைஞர் கூட்டம் ஆடியது, பாடியது, குறும்பு செய்தது. 'த ஸிங் திங்' என்ற தொடர் சிறுவர்களின் வாயில் ஓயாது புரண்டது. புட்டி மூடிகளுக்குள் இருந்த 'ஜங்கிள் புக்' படங்களைச் சேர்ப்பதும் ஒரு விளையாட்டாயிற்று.

இந்தத் தொடரின் திறமையை நாம் மறுக்கவில்லை. மூன்றே சொற்கள், நாவிலே துள்ளும் எதுகை. ஆனால் பானத்தில் என்ன இருக்கிறது, அதனைச் செய்தவர் யார், விலையில் அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் அதில் விடையில்லை. ஓசையே பொருளாகிவிட்டது. சிரிப்பவன் கேள்வி கேட்பதில்லை என்பதை வணிகன் நன்கறிவான்.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்பின் அலைகள் கடல் கடந்து இலங்கையின் வடபகுதியையும் எட்டின. நிகழ்ச்சிகளோடு விளம்பரங்களும் வந்தன. மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளைக்கும் அடம்பன் போன்ற ஊர்களிலிருந்து இக்காட்சியை நோக்கினால் அதன் விசித்திரம் புலப்படும். இவ்வட்டாரத்துப் பானம் பனையிலிருந்து இறங்குவது. காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறான் தொழிலாளி. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாது விட்டால் சில மணி நேரத்தில் கள். கால் இடறினால் உயிருக்கே ஆபத்து. அவனுக்குக் கிடைத்ததோ சாதி இழிவு. அவனுடைய பானத்துக்குப் பாட்டெழுத எந்த விளம்பர நிறுவனமும் முன்வரவில்லை. 'நாகரிக'மான தாகம் ஒன்று திரையில் உருவாக்கப்பட்டபோது, அவனது உழைப்பின் சுவை நாட்டுப்புறத்தானின் சுவை என்று தாழ்த்தப்பட்டது.

சிரித்தவர்களுக்கேனும் அந்தப் பானம் சொந்தமாயிற்றா? 1993இல் கொக்கா கோலா மீண்டும் இந்தியாவுக்கு வந்து, பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா ஆகியவற்றோடு கோல்ட் ஸ்பாட்டையும் விலைக்கு வாங்கியது. வந்த நிறுவனத்துக்குத் தன் சொந்த ஆரஞ்சுப் பானமான ஃபாண்டாவை விற்க வேண்டியிருந்தது. ஆகவே கோல்ட் ஸ்பாட் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. அதைக் குடித்தவர்களை எவரும் கேட்கவில்லை. ஆலைத் தொழிலாளியையும் கேட்கவில்லை. 'உங்கள் பானம்' என்று பல்லாண்டு பழக்கப்படுத்திய விளம்பரத்தின் உண்மை மதிப்பு அந்த ஒரு விற்பனைப் பத்திரத்தில் வெளிப்பட்டுவிட்டது.

கதை அத்துடன் முடியவுமில்லை. மறைந்துபோன மற்றொரு பானமான கேம்பா கோலாவை 2022இல் ரிலையன்ஸ் வாங்கி, 2023இல் மீண்டும் சந்தையில் இறக்கியது. பழைய புட்டியைப் பற்றிய நமது ஏக்கமும் இன்று ஒரு சரக்கு. அன்று சிரிப்பை விற்றார்கள். இன்று அந்தச் சிரிப்பின் நினைவையும் விற்கிறார்கள்.

நகைச்சுவையை நாம் வெறுக்கவில்லை. கூத்திலே கட்டியக்காரன் அரசனைக் கேலி செய்து மக்களைச் சிரிக்க வைத்தான். அச்சிரிப்பு அவர்களது கண்ணைத் திறந்தது. விளம்பரச் சிரிப்பு கண்ணை மூடச் செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் வாசகனை உருவாக்குவது விமர்சனத்தின் கடமை. பனையேறியின் முட்டிக்குள் இருப்பதைக் குறுகிய சொல்லில், துள்ளும் எதுகையில், உண்மை குன்றாமல் பாடும் கலைஞனை உருவாக்குவது நம் எல்லோரது கடமை.