இறைவனின் ஆடையும் கொழுந்தெடுப்பவளின் ஆடையும்

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் இன்று கோபுரங்களையும் அரண்மனைகளையும் மாத்திரம் கண்டு மீள்வதில்லை. உடையின் புதுப்பாணி, வடிவமைப்பு, தெருக்கலை ஆகியவற்றைக் காண்பதற்கென்றே பயணம் மேற்கொள்வோரும் உளர். 1852 இல் தோற்றம் பெற்று இன்று விக்ரோறியா-அல்பேட் நூதனசாலை என வழங்கும் பெருங்கூடமும், 1955 இல் மேரி குவான்ற் தமது ஆடைக் கடையைத் திறந்த கிங்ஸ் வீதியும் இத்தகையோரின் யாத்திரைத் தலங்களாகும். இப்பயணங்களைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், ஒரு நகரின் ஆடையழகைக் காணச் செல்வோர், அந்நகர் தம் மக்களின் ஆடையை எவ்வாறு கண்டது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் இவ்வினாவைத் தவிர்க்க முடியாது. அதற்கு விடை தேடப் பொருத்தமான படைப்பு ஒன்று உண்டு.

1934 இல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப்படமே அது. பேசில் றைற் நெறிப்படுத்த, ஜோன் கிரியர்சன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக ஆக்கப்பட்ட இப்படம் 1935 இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே பரிசு பெற்றது. விவரணப்பட வரலாற்றில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. அவ்விடம் தகுதியின்றிக் கிடைத்ததன்று.

படம் நான்கு பகுதிகளை உடையது. முதற் பகுதி புத்தரைப் பற்றியது. யாத்திரிகர் சிவனொளிபாதமலை ஏறுவதை அது காட்டுகிறது. இரண்டாவது பகுதி கிராமிய வாழ்வைச் சித்திரிக்கிறது. மூன்றாவது ‘வணிகத்தின் குரல்கள்’. நான்காவது ‘ஒரு தெய்வத்தின் ஆடை’. இவ்விறுதிப் பகுதியிலே கண்டிய நடனக் கலைஞர் அணிபுனைவதை ஒரு வழிபாட்டுச் சடங்காகவே கமரா நோக்குகிறது. ஆடை, அதனை அணிபவனின் பண்பாட்டுக்கும் நம்பிக்கைக்கும் வடிவமாகிறது.

கொழுந்தெடுப்பவளோ மூன்றாவது பகுதிக்கு உரியவளாகிறாள். அவளது கரங்கள் அசைய, சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வணிகக் கடிதங்களும் ஆங்கிலக் குரல்களாக ஒலிக்கின்றன. உழைக்கும் உடல்கள் மீது விலைப்பட்டியலை ஒலிக்கவிட்டமை சாதாரண விளம்பரக்காரன் செய்யத் துணியாத செயல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேயிலைச் சபையின் பணத்தில் ஆக்கப்பட்ட படத்திலேயே தேயிலை வணிகத்தைப் பற்றிய ஐயமும் எழுந்துவிடுகிறது. ஆயினும் அவள் பேசுவதில்லை. அவள் எந்த மலையை வணங்கினாள், எந்தத் திருநாளுக்கு எதனை உடுத்தாள் என்பன படத்துக்கு வேண்டப்படாதவை. நம் தோட்ட மக்களும் வணங்கும் சிவனொளிபாதமலை படத்தில் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய மலையாக அன்று.

இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று; படத்தின் அமைப்பிலேயே அதற்கான காரணம் உள்ளது. வர்ணனைக்கு எடுத்தாளப்பட்டது 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல். அதனை வாசித்தவர் லயனல் வென்ற். நொக்ஸ் கண்ட இலங்கையில் கோப்பியும் தேயிலையும் பெருந்தோட்டப் பயிர்களாக இருக்கவில்லை; அவற்றுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளரும் இருக்கவில்லை. ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதே 1867 இல்தான். ஆகவே, நொக்ஸின் சொற்களைப் பண்பாட்டின் குரலாகக் கொண்ட படத்தில் தோட்டத் தமிழருக்கு எஞ்சிய ஒரே இடம் வணிகமேயாகும்.

உண்மையில் அவர்களுடைய உடையும் ஒரு வடிவமைப்பே. மழைக்குத் தலையோடு முதுகையும் மறைக்கும் கொங்காணி, பனியிலிருந்தும் தேயிலைக் கவ்வாத்துக் கிளைகளிலிருந்தும் சேலையைக் காக்க இடுப்பிற் சுற்றும் படங்கு, கூடைக்கயிறு அழுத்தாதிருக்கத் தலையில் மடித்திடும் துணி ஆகிய ஒவ்வொன்றும் வேலையின் தேவையறிந்து உழைப்போர் கண்டவை. கேகாலைத் தோட்டங்களிற் பால் வெட்டுவோரின் உடையிலே படிந்து கறுத்த கறை எச்சலவைக்கும் போகாது. அந்த இறப்பரின் பூர்வீகமும் இலண்டனோடு தொடர்புடையது. 1876 இல் அந்நகரின் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு அனுப்பப்பட்ட கன்றுகளே இந்நாட்டு இறப்பர்ச் செய்கைக்கு மூலம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1974 அளவில், கிங்ஸ் வீதியில் விவியன் வெஸ்ற்வூட்டும் மல்கம் மக்லாரனும் நடத்திய கடையில் இறப்பர் ஆடைகள் விற்பனையாயின. அதனைத் தொடர்ந்து கிழிந்த சட்டையும் ஊக்கு மாட்டிய சட்டையும் புதுப்பாணியாயின. அங்கே கிழிசல் கலகத்தின் சின்னம். லயத்திலே அது வறுமை. துணி ஒன்றே; அதற்குப் பொருள் கூறும் அதிகாரமே வேறு.

சப்ரகமுவத் தோட்டத் தமிழருக்கு உடை இதனினும் கடுமையான பொருளையும் கொண்டிருந்தது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை இம்மாகாணத் தோட்டங்களும் அனுபவித்தன. அக்காலங்களில் நெற்றிப் பொட்டும் சேலை உடுக்கும் முறையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறிகளாயின. பொட்டை அழித்துத் தப்ப வேண்டியிருந்த சமூகத்திடம், உடை வெறும் ரசனைக்குரிய விடயம் என்று எவரும் கூறிவிட முடியாது.

இலண்டன் தெருவே இதற்கு ஒரு மறுமொழியையும் வைத்திருக்கிறது. 1966 இலிருந்து நொற்றிங் ஹில் வீதிகளில் நடைபெற்றுவரும் விழாவிலே அணிபுனைந்து ஆடுவோருட் பலர் கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் வழித்தோன்றல்கள். தங்கள் ஆடைக்குத் தாங்களே பொருள் கூறி, அதனை அந்நகரின் தெருக்கலையாகவே அவர்கள் ஆக்கிவிட்டனர். நூதனசாலை தம்மை ஏற்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

நமது நிலை யாது? சி. வி. வேலுப்பிள்ளை மலையகத்தின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து, கொழுந்தெடுப்பவளைப் பேசும் மாந்தராக இலக்கியத்தில் நிறுத்தினார். கம்பளைக்கு அண்மையில், பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளரின் பாவனைப் பொருள்களுக்கான நூதனசாலை அமைந்துள்ளது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தோட்ட உடையைப் பற்றிய ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. தோட்டத்திலிருந்து வந்த மாணவரே கொங்காணியை மறக்க வேண்டியதொன்றாகக் கருதும் நிலையும் உண்டு. இலண்டன் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் செல்லட்டும். அங்குள்ள ஆடைகளின் தையலையும் நெசவையும் நுணுகி நோக்கிக் குறிப்பெடுக்கட்டும். அதே நுணுக்கத்துடன் தம் தாயாரின் படங்கைப் பற்றியும் நாலு பக்கம் எழுதட்டும். றைற் படமாக்காது விட்ட ஐந்தாவது பகுதிக்கு அவை குறிப்புகளாக அமையும்.