மேஜைக்குள் இறங்கிய பெண்

ஆடை வடிவமைப்பாளர் ஹுசேன் சலாயனின் 'ஆஃப்டர்வேர்ட்ஸ்' தொகுப்பு என்றதும் எல்லோரும் எடுத்துக் காட்டுவது ஒரே படத்தைத்தான்: மரப் பாவாடை முழுக்க எழுந்து கூம்பாக நிற்கும் படம். அந்தப் படத்தின் மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். எழுந்து முடிந்த பாவாடையை ஒரு தடவை பார்த்தால் போதும். அது எழுவதற்கு முந்தைய சில நொடிகளுக்காகத்தான் அந்த மேடைக் காட்சியின் காணொளியை எத்தனையோ இரவுகளில் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன்.

2000 பிப்ரவரி, லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கம். மேடையில் வெள்ளை அறை. நாற்காலிகள் நான்கு, வட்ட மேஜை ஒன்று, தட்டுகளில் சில வீட்டுச் சாமான்கள். பல்கேரியப் பெண்கள் குழுவாகப் பாடுகிறார்கள். அறையில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக உடைகளின் பைகளுக்குள் போகின்றன. அவற்றுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பைகள். நாற்காலிகளின் சாம்பல் நிற உறைகளைக் கழற்றி நான்கு பெண்கள் உடுத்திக்கொள்கிறார்கள். உறை கழன்ற நாற்காலிகள் மடிந்து பெட்டிகளாகின்றன. மிச்சம் இருப்பது மேஜை.

ஐந்தாவது பெண் வருகிறாள். நடுவில் பதித்திருக்கும் வட்டப் பலகையை எடுத்துவிட்டு, அந்தத் துளைக்குள் கால் வைக்கிறாள். குனிகிறாள். உள்வளையத்தைப் பிடித்துத் தூக்குகிறாள். ரயில் பயணத்துக்கு எடுத்துப்போகும் மடக்கு டம்ளர், ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்த வளையங்களை விரித்து நீளுமே, அப்படி மரம் அடுக்கடுக்காக மேலேறுகிறது. இடுப்பில் மாட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான். அந்தக் குனிதலில் வித்தை காட்டும் பாவனை துளியும் இல்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறவளின் உடம்பு அது.

அதே காலத்து வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனைக் கொண்டாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. 1998இல் அவருடைய மேடையில் மாடல் ஷாலோம் ஹார்லோ சுழன்றுகொண்டே நிற்க, இரண்டு ரோபோக்கள் அவளுடைய வெள்ளை உடைமேல் பெயிண்டைப் பீய்ச்சியதைவிட உயர்ந்த கணம் ஃபேஷன் மேடையில் கிடையாது என்பார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. கண்ணில் நீர் வரவைக்கும் காட்சிதான். ஆனால் அங்கே பெண் நிற்கிறாள், இயந்திரம் செய்கிறது. சலாயனே பிறகு அந்தப் பக்கம் போனார். 2006இல் பாரிஸில் காட்டிய 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் லெவன்' உடைகளில் மோட்டார்கள் இழைகளை இழுக்க, பாவாடை தானாகச் சுருங்கியது, கழுத்துப்பட்டி தானாகத் திறந்தது. பொறியியல் அபாரம். போட்டிருந்தவள் மட்டும் ஜவுளிக்கடைப் பொம்மை போல் நின்றாள். மேஜைப் பாவாடையில் மின்கம்பி இல்லை, விசை இல்லை. தச்சரின் கணக்கும் ஒருத்தியின் இரண்டு கைகளும்தான்.

சலாயன் 1970இல் நிகோசியாவில், துருக்கிய சைப்ரஸ் குடும்பத்தில் பிறந்தவர். அந்தத் தீவு 1974இல் இரண்டாகப் பிளந்தது. அதற்கு முன்பே வீட்டைப் போட்டுவிட்டு ஓட நேர்ந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். போர் வாசலுக்கு வரும்போது வீட்டை எப்படி ஒளிப்பது, எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இந்தத் தொகுப்பு. அது தெரிந்த பிறகு அந்த மர வளையங்களை வெறும் சாமர்த்தியமாகப் பார்க்க முடியவில்லை. அதை உடுத்தியவளால் உட்கார முடியாது. உட்கார நாற்காலியும் இப்போது இல்லை.

என் அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் மாற்றல். உயிருக்குப் பயந்து ஓடுவதோடு அதை ஒப்பிடவே கூடாது, ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் மேஜையைத் தூக்கும் அந்தக் கைகளைப் பார்க்கும்போது அம்மா நினைவுக்கு வந்துவிடுகிறாள். கண்ணாடி டம்ளர்களைப் பழைய சேலையில் ஒவ்வொன்றாகச் சுற்றி அண்டாவுக்குள் அடுக்குவாள். பேசமாட்டாள். கடைசியாகச் சுவரில் ஆணி மட்டும் இருக்கும்.

இப்போதைய காட்சிகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான். 2022இல் பாரிஸில் கோபெர்னி நிறுவனம் மாடல் பெல்லா ஹடிட்டின் உடம்பின் மேல் நேரடியாகத் தெளித்துத் துணி உண்டாக்கியது. உலகமே கைபேசியில் பார்த்தது. தெளிப்புத் துணி அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அவள் எந்த வீட்டிலிருந்து வருகிறாள், எங்கே போகிறாள்? கேட்க இடமே வைக்கவில்லை. முப்பது நொடித் துண்டாக வெட்டினாலும் ஒன்றும் குறையாதபடி இன்று மேடை கட்டுகிறார்கள். 'ஆஃப்டர்வேர்ட்ஸ்' அப்படி வெட்டுப்படாது. நாற்காலிகள் காலியாவதைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்குத்தான் மேஜையின் கனம் தெரியும்.

சில இரவுகளில் காணொளியைப் பின்னோக்கி ஓட்டுவேன். பாவாடை இறங்கித் தரையோடு படிந்து மேஜையாகிறது. அவள் காலை வெளியே எடுத்து, வட்டப் பலகையை அதன் இடத்தில் பொருத்துகிறாள். பெட்டிகள் விரிந்து நாற்காலிகளாகின்றன. பைகளுக்குள் போன சாமான்கள் ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்புகின்றன.